ஒரு பக்கத்து நெட்டி

மண்ணூர் கூட்ரோட்டில் இருந்த பாபு சலூனில் சவரத்துக்குத்தான் காசு, நெட்டி இனாம். கன்னத்தை வழித்து முடித்ததும் பாபு தலையை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் ஒரு வெடுக்கு, வலப்பக்கம் ஒரு வெடுக்கு என்று திருப்புவான். 'மடக்' என்று இரண்டு சத்தமும் கேட்டால்தான் சவரம் முடிந்ததாக அர்த்தம். தன் கழுத்துச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும் என்பதில், சைக்கிள் விளக்குக் கம்பெனியில் வேலை பார்த்த எல்லப்பனுக்குத் தனிப் பெருமை. இருபத்தேழு வயதுக் கழுத்து, கேட்க வேண்டுமா?

1991 ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை. இடப்பக்கம் நெட்டி எடுத்த அந்த நிமிஷம் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. வேனை விட்டால் ஷிப்டு போச்சு. எல்லப்பன் துண்டை உதறிப் போட்டுவிட்டு ஓடினான்.

பதினொரு மணிக்கு, சைக்கிள் விளக்கு பூட்டுகிற லைனில், அவன் வலது கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது. எடுக்கக் குனிந்தவனும் விழுந்தான். வாய் கோணி, பேச்சு குழறியது. சூப்பர்வைசர் அனுபவசாலி. வாயை ஊதச் சொன்னார். ஊத வரவில்லை. ஊதாதவன் குடித்திருக்கிறான் என்று தீர்ப்பெழுதி, இரண்டு பேரைத் துணைக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன் என்பது அவன் மனைவி சின்னப்பொண்ணுவுக்குத் தெரியும். அவன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். தொப்பென்று விழுந்தது. இடது கையோ கழுத்தின் இடப்பக்கத்தை விடாமல் பிடித்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள்.

அதற்குள் நடேசன் வந்து சேர்ந்தார். எல்லப்பனின் அண்ணன். ஊரில் எவனுக்குத் தலைவலி வந்தாலும் காரணம் சொல்லாமல் நகராதவர். காலையில் நெட்டி பாதியில் நின்ற கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இடப்பக்கம் எடுத்தாயிற்று, அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. வலப்பக்கம் எடுக்கவில்லை, அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. இதற்கு எதற்கு டாக்டர்? சுற்றி நின்ற பதினைந்து பேரும் தலையாட்டினார்கள். நெட்டி எடுத்த இடத்தில்தானே வலிக்கிறது என்று சின்னப்பொண்ணு சொன்னது எவன் காதிலும் ஏறவில்லை.

ஆளைத் தூக்கிக்கொண்டு போய் பாபுவின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாபு கையில் பவுடர் கொட்டித் தேய்த்துக்கொண்டான். பெண்கள் யாரும் மிதிக்காத அந்த வாசலை மிதித்து, சின்னப்பொண்ணு உள்ளே புகுந்து புருஷன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல என் கழுத்த முறி. நான் நல்லா கீறனான்னு பாத்துக்கினு அப்பால அவரத் தொடு."

பாபுவின் கை இறங்கியது. குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்று நடேசன் கத்திக்கொண்டிருந்தபோது, காலை ஷிப்டை இறக்கிவிட அதே வேன் வந்தது. அவள் நடுரோட்டில் போய் நின்றாள். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே இருவரையும் ஏற்றி, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே டாக்டர் வயதை இரண்டு தரம் கேட்டார். பிறகு நெட்டிக் கதையைக் கேட்டார். கழுத்தை வெடுக்கென்று திருப்பியதில், இடப்பக்கம் மூளைக்கு ரத்தம் போகிற குழாய் உள்ளுக்குள் கிழிந்து, அங்கே உறைந்த கட்டி மேலே போய் அடைத்துக்கொண்டது என்றார். மூளையின் இடது பாதிதான் வலது கையையும் காலையும் ஆட்டுவிப்பது. இன்னொரு தரம் திருப்பியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

ஊருக்கு இது போதவில்லை. பாபு சலூனில் கூட்டம் குறையவும் இல்லை. பாதியில் எழுந்து போகாதே, எல்லப்பன் கதி ஆகிவிடும் என்று இப்போது புத்திமதி வேறு. அன்றைக்கு அந்தப் பொம்பளை குறுக்கே விழாமல் இருந்திருந்தால் அப்போதே எழுந்து நடந்திருப்பான் என்று நடேசன் டீக்கடைதோறும் சொல்லி வந்தார்.

கார்த்திகை பிறந்தது. எல்லப்பன் காலை இழுத்து இழுத்து நடந்தான். பேச்சு மட்டும் 'ம்', 'ஆங்' என்பதைத் தாண்டவில்லை. இனி வராதோ என்ற பயத்தில் சின்னப்பொண்ணு பாதியாக இளைத்திருந்தாள். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது அவன் அவள் கையைத் தள்ளினான்.

"நீ வுட்டிருந்தா... அந்தப் பக்கமும் எடுத்திருப்பான். சரியாப் பூட்டிருக்கும்."

கஞ்சியை அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போல ஆத்திரம் வந்தது. மறுகணம்தான் அவளுக்கு உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

அவன் சொன்னான். முன்னைவிடக் கோபமாக, முன்னைவிடத் தெளிவாக.