பொருந்தாத பல்லுக்கு ஒரு காரணம்

1

இக்கதை என் வாயில் தொடங்கியது. கடைவாய்ப் பல் ஒன்றுக்குக் கேப் என்னும் பீங்கான் உறை பொருத்துவதற்காகப் பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். கேப் பொருந்தவில்லை. மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பின்னர்க் கைபேசியை எடுத்து, அதைச் செய்தவரை அழைத்தார்.

"என்னம்மா, மறுபடியும் அப்படியே வந்திருக்கு. ஓரத்துல ஒரு மேடு. உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா? ஒருதரம் காட்டிக்கோயேன்."

மறுமுனையிலிருந்து, "சரிங்க டாக்டர், வேற செஞ்சு அனுப்பறேன்" என்று ஒரு பெண்குரல் மெலிதாகக் கேட்டது. வாய் நிறையப் பஞ்சுடன் இருந்த என்னால் அவருக்காக ஒரு சொல்லும் பேச இயலவில்லை. அந்தச் சொல்லைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். புதிய கேப் நாளை வந்து சேரும். அதற்குள், அவர்மீது குற்றமில்லை என்று நான் நிறுவியாக வேண்டும்.

(அவரை நான் கண்டதில்லை. மருத்துவர் போகிறபோக்கில் சொன்ன இரண்டு செய்திகளே என் கையிருப்பு: அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பல் வடிவமைக்கிறார், அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது. எஞ்சியவை யாவும் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் வழியே" — வேண்டாம். வெயிலுக்கு இக்கதையில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு திரையை" — இதுவும் வேண்டாம். கண்ணில் தொடங்கினால் நானும் மருத்துவரின் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்றாகும்.

மூன்றாவது நிலைத்தது. பின்னறையில் ஒரே ஒரு மேசை. அதன் ஒரு பக்கம் கம்ப்யூட்டர். மறுபக்கம், பீங்கானைச் சுட்டெடுக்கும் சிறிய மின்சூளை. வீட்டில் அதற்கு அடுப்பு என்றே பெயர். பல் செய்பவள் திரையில் செதுக்கும் வடிவத்தை ஓர் இயந்திரம் கடைந்து தரும். கடைந்ததை அடுப்பு சுட்டு இறுக்கும். ஒரு பல் அடுப்பில் இருக்கும்போதே அடுத்த பல்லை அவள் திரையில் செதுக்கத் தொடங்கியிருப்பாள்.

அன்றும் திரை திடீரென நீலமாகி நின்றது.

"அத்தை! உங்க ரேஸ் குதிரை படுத்துருச்சு!"

3

உள்ளே வருபவர் அவளுடைய மாமியார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். காத்திருப்போரின் எரிச்சலைக் காது நிறையக் கேட்டவர். ஆதலால் வேகத்தின்மீது அவருக்குத் தீராத ஆசை. கம்ப்யூட்டரின் நினைவகமான ரேம் அட்டைகளை, தயாரித்தவர்கள் விதித்த வேகத்தைக் காட்டிலும் கூடுதலாக ஓடும்படி அமைத்தவர் அவரே. மருமகள் கேட்டுத்தான் செய்தார். "ஒரு பல்லைத் திருப்பிப் பாக்கறதுக்குள்ள எனக்கே பல்லு விழுந்துரும் போல அத்தை" என்று அவள் புலம்பியது உண்மை.

இந்த மாமியாரை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. இரண்டாம் வரைவில் அவரை நீக்கிவிட்டு, கணினி படித்த கொழுந்தன் ஒருவனை அமர்த்தினேன். அவன் வந்த வேகத்தில், "இது சப்பை மேட்டர் அண்ணி" என்றான். சப்பை மேட்டருக்குக் கதை எதற்கு? அவனை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மாமியாரைத் திரும்ப அழைத்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.

4

இனி, சோதனைகளைக் காண்போம்.

"முதல்ல அந்த அடுப்பை அணை" என்றார் மாமியார். ஒவ்வொரு முறையும் அவருடைய முதற்சொல் இதுவே. "அது ஓடினா கரண்டு ஏறி இறங்கும். டெஸ்ட்டு கெட்டுரும்."

அடுப்பு அணைந்தது, அறை ஆறியது. மாமியார் ஓர் அட்டையைக் கழற்றிவிட்டு மற்றதில் மட்டும் பிழை தேடும் நிரலை ஓடவிட்டார். பிறகு மாற்றிச் சோதித்தார். இரண்டையும் இடம் மாற்றிச் செருகினார். பென்சில் அழிப்பானால் அவற்றின் பித்தளை நிற விளிம்பைத் துடைத்து மீண்டும் செருகினார். எல்லாச் சோதனையிலும் ஒரே விடை: பிழை இல்லை.

"பாத்தியா? என் பக்கம் கல்லு மாதிரி இருக்கு."

அவர் யாரையும் குறைகூறவில்லை. ஆயினும் ஒரு மேசைக்கு இரண்டு பக்கங்கள்தாம் உண்டு. கேப்புகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.* மருமகள் மருந்துப் புட்டியின் பொடியெழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார்த்தாள். படிக்க முடிந்தது. அதுவே அவளுக்கு மேலும் கலக்கம் தந்தது: கண் சரியென்றால், தவறு கையில்.

அவள் வாழ்நாளெல்லாம் பிறருடைய சிரிப்புக்காகவே தன் [இவ்வாக்கியம் அழகாக முடியப் பார்த்தது. நிறுத்திவிட்டேன்.]

* ரேமில் நேரும் பிழை எப்போதும் திரையை நிறுத்துவதில்லை. சில வேளை ஏதேனும் ஓர் எண்ணை மாற்றிவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருந்துவிடும். பல்லின் வடிவத்தில் அந்த எண் ஒரு புள்ளியின் இடம். புள்ளி நகர்ந்தால் ஓரத்தில் ஒரு மேடு. இதை நான் அறிவேன். நீங்களும் இப்போது அறிவீர்கள். அவள் அறியாள்.

5

என் புதிய கேப்பைக் கடைந்து வைத்திருந்தாள். சுடுவது ஒன்றே பாக்கி. மாமியாரோ மறுபடியும் சோதனையை ஓடவிட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரைமுன் அமர்ந்திருந்தார்.

"அடுப்பைப் போடறேன் அத்தை."

"டெஸ்ட்டு ஓடுதும்மா."

"ஓடட்டும். இதுதான் கடைசிப் பல்லு. இதைக் குடுத்துட்டு, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"என்ன உளர்றே?"

"உங்க பக்கம் கல்லு மாதிரி இருக்குல்ல? அப்ப தப்பு என் கையிலதானே?"

அவள் கேப்பை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அடுப்பு சூடேறத் தொடங்கியது. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் காற்றிழுக்கும் விசிறி அடுப்பை நோக்கியே இருந்தது. அது அந்த வெக்கையை உள்ளே உறிஞ்சிக்கொண்டது. திரையில் பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்று தோன்றிற்று. அடுத்து இன்னொன்று. பிறகு வரிகள் மடமடவென்று இறங்கின.

"ஐயையோ! அடுப்பை அணை, அணை!"

மருமகளின் கை பொத்தான்வரை சென்று நின்றது.

"அத்தை... நான் வேலை செய்யறப்போ அடுப்பு ஓடிட்டேதான் இருக்கும்."

"அதனால?"

"நீங்க டெஸ்ட்டு வைக்கும்போது மட்டும்தான் அணைக்கிறோம்."

மாமியார் அடுப்பைப் பார்த்தார்; விசிறியைப் பார்த்தார்; சிவப்பு வரிகளைப் பார்த்தார். ஆயுள் முழுவதும் தவறான எண்ணுக்கு ஓர் இணைப்பும் கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்பவரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை, அவர்மீதுள்ள மரியாதையால், நான் எழுதப்போவதில்லை.

"அணைக்காதே" என்றார். "எரியட்டும்."

கம்ப்யூட்டரை நிறுத்தி, தாமே கூட்டிய வேகத்தைத் தாமே குறைத்து, அட்டைகளை அவற்றுக்குரிய வேகத்துக்கே கொண்டுவந்தார். அடுப்பு கனன்றுகொண்டிருக்கச் சோதனை மீண்டும் தொடங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தனர். சிவப்பு வரவில்லை. வெகுநேரம் ஆகியும் வரவில்லை.

"உன் கண்ணும் சரி, கையும் சரி. எனக்குத்தான் வேகப் பைத்தியம்."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது; அதன் நடுவே அழுகையும் கலந்து வந்தது. "நான் அவ்வளவுதான்னு நெனச்சுட்டேன் அத்தை."

"எவ்வளவுதான்? நீ வேலைய விட்டுட்டு உக்காந்தா உன் மூஞ்சிய நாள் பூரா யாரு பாக்கறது?"

"ரேஸ் குதிரையும் போச்சு. இனிமே நீங்க எதை நோண்டுவீங்க?"

"உன் மிக்ஸி கொஞ்சம் மெதுவாத்தான் சுத்துது" என்றார் மாமியார்.

பழைய வேகத்தில் செதுக்கியது என்பதால், அடுப்பிலிருந்த கேப்பை அவள் ஓரமாக வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புதிதாக ஒரு பல்லைச் செதுக்கத் தொடங்கினாள். திரையில் பல் மெதுவாகத் திரும்பியது. அந்த நிதானத்தை அவள் குறை சொல்லவில்லை.

6

முடிவு அ: அடுப்பைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு மாமியார் வேகத்தை மறுபடியும் கூட்டுகிறார். இது அவருக்கு விருப்பமான முடிவு. ஆகவே நான் அனுமதிக்கவில்லை.

முடிவு ஆ: மாமியார் மருத்துவரை அழைத்து, "என் மருமக கண்ணைப் பத்திப் பேசினது நீங்கதானா?" என்று தொடங்குகிறார். எழுதும்போது இனித்தது. ஆனால் அந்த மருத்துவரின் கைக்கருவிகளுக்குக் கீழே நாளை வாயைத் திறந்து கிடக்கப்போகிறவன் நான். கோழைத்தனமாக அடித்து நீக்கிவிட்டேன்.

முடிவு இ: அவருக்கு மாமியார் உண்டா, மேசையில் அடுப்பு உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் நாளை, பஞ்சை வைப்பதற்கு முன், ஒன்றை மட்டும் சொல்லப்போகிறேன்: "டாக்டர், அவங்க கம்ப்யூட்டர் பக்கத்துல சூடா ஏதாவது இருக்கான்னு கேளுங்க." சொன்ன பிறகு வாயைத் திறப்பேன். அவர் கேப்பை வைத்து அழுத்திவிட்டு, "கடிங்க" என்பார்.

அந்தக் கடியை நான் எழுதவில்லை. உங்கள் பற்களை ஒருமுறை மெல்லச் சேர்த்துப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லை அல்லவா? அப்படியே வைத்திருங்கள்.