இரண்டு கமாக்களுக்கு நடுவே

மனைவி கண்ணை மூடி ஆறு மாதமாகியும், அவருடைய அலுவலகப் பதிவில் அவள் உயிரோடுதான் இருந்தாள்.

ஊழியர்களுக்கு அடையாள அட்டை அச்சடிக்கும் புரோகிராமை எழுதியவரே அவர்தான். தலையில் முடி இருந்த காலத்தில் சி மொழியில் எழுதியது. ஊழியர், துணை, பிள்ளை, இரத்த வகை என்று ஒரே வரியில் கமா போட்டு வைத்தால், ஸ்டர்டாக் என்ற கட்டளை கமாவைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டித் துண்டாகக் கொடுக்கும். அதற்கு ஒரு கோணல் புத்தி உண்டு. நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு கமா ஒட்டி நின்றால், காலி இடம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் கல்யாணமாகாதவர்களுக்கு அங்கே 'இல்லை' என்று அடிக்கச் சொல்லி அவரே சட்டம் போட்டிருந்தார்.

அன்று புது அட்டைக்காகத் தன் வரியைத் திறந்து அவள் பெயரை அழித்தார். 'இல்லை' என்று அடிக்க விரல் வரவில்லை. அப்படியே விட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

அட்டையில் மனைவி என்ற இடத்தில் மகள் பெயர் இருந்தது. மகள் என்ற இடத்தில் இரத்த வகை. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, சிரிக்க வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அவர் அட்டையை மறுபடி படித்தார். வீட்டிலும் அதேதானே நடக்கிறது? சமைப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, மாத்திரை எடுத்து நீட்டுவது எல்லாம் மகள்தான். வெளியூர்க் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாக நேற்று அவள் சொன்னபோது, "சரிம்மா" என்று கை கழுவ எழுந்தவர் இந்த மகராசன்.

காலியைக் காலியாகவே கொடுக்கும் வேறொரு கட்டளையைப் போட்டுப் புரோகிராமைத் திருத்தினார். புது அட்டையில் மனைவிக்கு எதிரே வெறும் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

வீட்டில் மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலேஜுக்கு வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்லணும்பா."

"சொல்லாத. நீ கெளம்பு."

"அப்ப உங்களுக்கு யாரு இருக்கா?"

சமாளித்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அம்மா எடம் காலியாவே இருக்கட்டும்மா. அதுல நீ உக்காராத."

அம்மா போன அன்றே அடுப்படிக்குள் நுழைந்தவளுக்கு அழக்கூட நேரம் வாய்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அன்றுதான் அம்மாவுக்காக அழுதாள்.