கௌசலாவின் கதிர்வீச்சுக் கிழமை

ஐம்பத்திரண்டு வயது வரை அக்கராயன் ஊர் இளையதம்பி குசினிக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டுந்தான். இப்போது பன்னிரண்டு நாளாக அங்கேயே கிடக்கிறார். எல்லாம் ஒரு குளிசையால் வந்த வினை.

மனைவி கௌசலாவின் தைரொயிட் சுரப்பி கண்டபடி சுரந்து, மனிசி மெலிந்து போனாள். அதை அடக்கக் கொழும்பில் கதிர்வீச்சு அயடீன் குளிசை ஒன்றை விழுங்கக் கொடுத்தார்கள். அது நேரே கழுத்துக்குப் போய் வேலையைப் பார்க்குமாம். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்.

"என்ர உடம்பில இருந்து கதிர்வீச்சு வரும். கிட்ட வராதேங்கோ. எனக்குத் தனி அறை, தனிக் கோப்பை. மற்றாக்களுக்கு நான் சமைக்கவே கூடாது. பதினைஞ்சு நாள்!"

இளையதம்பி குசினிக்குள் புகுந்தார். பாவம் மனுஷன், அவர் அவித்த பிட்டைக் கோழிகூடத் தொடவில்லை. கௌசலாவோ ஆறடி தள்ளிக் கதிரையில் கால் நீட்டி இருந்து, "உப்புக் காணாது" என்று தீர்ப்புச் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் லீவு அது. இளையதம்பிக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது!

பன்னிரண்டாம் நாள் கை சுட்டுப் போனது. பொறுமையும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டுக் கடதாசியில் இருந்தது முழுக்கச் சிங்களம். கொழும்பில் வேலை செய்து சிங்களம் பழகிய பக்கத்து வீட்டுச் சஜீவனிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"ஒரு கிழமைதான் போட்டிருக்கு, அண்ணை. ஏழே நாள்."

அடிப்பாவி! அவர் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தரம் கழன்றது. இன்றைக்கு இருக்கு அவளுக்கு.

வீட்டு வாசல் படலையடியில் பார்த்தால், பளையிலிருந்து அக்கா அருந்ததி இரண்டு பெரிய பைகளோடு நிற்கிறா. போனமுறை ஒரு கிழமைக்கென்று வந்தவா, மூன்று மாதம் இருந்து, தம்பியின் மீசை தொடங்கி மாட்டுக்கொட்டில் வரை குறை சொல்லித் தீர்த்தவா.

"கௌசலாக்குச் சுகம் வந்திருக்குமெண்டு வந்தனான், தம்பி. பொங்கல் முடியும் மட்டும் நிக்கிறன்."

இளையதம்பி சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்தார்.

"ஐயோ அக்கா, உள்ளுக்கு வராதேங்கோ! கதிர்வீச்சு! இன்னும் ஒரு மாசம் இருக்கு. டொக்டரே எழுதித் தந்தவர், பாருங்கோ!" என்று அந்தச் சிங்களத் துண்டை ஆட்டிக் காட்டினார்.

அருந்ததி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த ஓட்டோவையே கைதட்டிக் கூப்பிட்டா. அது ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகுதான் இளையதம்பிக்கு மூச்சு வந்தது.

"ஒரு மாசமோ?" உள்ளேயிருந்து கௌசலாவின் குரல். "டொக்டரே எழுதித் தந்தவரோ?"

இளையதம்பி கையிலிருந்த துண்டைப் பார்த்தார். இனி இதைக் காட்டி என்ன கதைக்கிறது?

"அப்ப இரவைக்கு இடியப்பம் அவியுங்கோ. பிட்டு அலுத்துப் போச்சு."