பிரியாத அணி

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து கட்டுரை எழுதியதை வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார்கள். நேரியல் உருமாற்றம் எதுவானாலும் அதை இரண்டாகப் பிரிக்கலாம்: நீளம் கெடாமல் திருப்பும் பகுதி ஒன்று, நீட்டிச் சுருக்கும் பகுதி ஒன்று. அது பழைய சங்கதி. நீளமே மைனஸாகவும் வரக்கூடிய, ஹெர்மிட்டியன் வடிவம் என்ற அளவுமுறையிலும் இப்படி எப்போதும் பிரிக்கலாம் என்று அண்ணி நிரூபித்திருந்தாள். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

துறைக் கூட்டத்தில் பேசுவதற்காக நாத்தனார் தன் அறைப் பலகையில் ஓர் உதாரணம் போட்டாள். இரண்டு திசைகள், ஒன்றின் அளவு பிளஸ், மற்றதன் அளவு மைனஸ். இரண்டையும் இடம் மாற்றும் அணி, அதாவது எண்களை அடுக்கிய கட்டம், அழகாகப் பிரிந்தது. இவ்வளவு எளிதாக இருந்தால் கூட்டம் தூங்கிவிடும் என்று அதிலிருந்த ஓர் ஒன்றை அழித்து, இரண்டு என்று எழுதினாள். பிரியவில்லை. நடுவில் வரவேண்டிய வர்க்கமூலம் வரவே மாட்டேன் என்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அடுத்த அறைக்குப் போனாள். "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

அண்ணி வந்து பலகையைப் பார்த்தாள். "கணக்கத் தப்பாப் போட்டிருப்ப."

"திருப்பித் திருப்பிப் போட்டுட்டேன்."

பேனாவை வாங்கித் தானே போட்டுப் பார்த்தாள் அண்ணி. காது சிவந்தது. "அச்சுக்குப் போற நேரத்துலதான் இது உன் கண்ணுல படணுமா?"

"நம்ம கண்ணுல படலன்னா ஊர் கண்ணுல படும்."

அன்று மாலையே அண்ணி இதழாசிரியரிடம் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அதன்பின் நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் சொன்னது சரிதான் என்பதில் நாத்தனாருக்கும் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பல் மருத்துவரான அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்குத் தெரியாம சொத்து கித்து பிரிச்சீங்களா?"

"பிரிக்க முடியலன்னுதான் சண்டையே," என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து மறைத்தாள்.

சில வாரம் கழித்து அவளே நாத்தனாரின் அறைக்கு வந்தாள். "வர்க்கமூலம் எடுக்கற இடத்துல வர்ற மைனஸ் மதிப்பெல்லாம் ஜோடியா வரணும். பிளஸ் பக்கம் ஒண்ணு, மைனஸ் பக்கம் அதே மாதிரி ஒண்ணு. அப்பதான் பிரியும். பூஜ்யம் வர்ற இடம்தான் இன்னும் பிடிபடல."

"அத நான் பாக்கறேன்," என்று நாத்தனார் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.