பச்சை ஜிக்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை நிறுத்தினான். பல் விளக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் அணைத்தான். சமையலறை ஜன்னல் கம்பியில் மீன் பிடிக்கும் ஈயமான பச்சை ஜிக் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் ஜன்னலைத் திறந்தான். காப்பியை நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முன்னறை மூலையில் சாத்தியிருந்த தூண்டில் கழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வளையங்களில் விரல் விட்டுப் பார்த்தான். ரீலின் கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். கொக்கிகளை நகத்தில் வைத்து இழுத்தான். நகத்தைப் பிடித்தால் கூர்மை, வழுக்கினால் மழுங்கல். மழுங்கியவற்றை மாற்றினான். ஐஸ் பெட்டியைக் கதவருகே நகர்த்தி வைத்தான்.

மனைவி இருந்தபோதும் இதே வேலைகள்தான். பால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைப்பான்.

தெருவில் ஹாரன் சத்தம். மச்சான் வந்துவிட்டான். அவளுடைய அண்ணன். வாசலைத் தாண்டும்போதே பேசத் தொடங்குகிறவன். பெட்டியைத் தூக்கினான், வெயிலைத் திட்டினான், சமையலறைக்குள் போய்க் குடங்குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்தான்.

“மாப்ள, இன்னிக்கு ஒரு நாளாவது மூஞ்சியக் கொஞ்சம் தளர்த்து. படகு வாங்க வர்ற ஆளு முதல்ல உன் மூஞ்சியப் பாப்பான், அப்புறம்தான் எஞ்சினப் பாப்பான்.”

படகைப் பார்க்க வருகிறவர் ஒரு பல் டாக்டர். பிடித்துப்போனால் படகை வாங்கிக்கொண்டு, மச்சானையே ஓட்டுநராக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆக, படகும் கடலில் இருக்கும், மச்சானும் கடலில் இருப்பான். இவன் ஒருவன்தான் கரையில் உட்கார வேண்டும். படித்த படிப்புக்கு ஏதாவது ஆபீஸில் சேர்ந்துவிடலாம் என்று அதற்கும் மச்சானே வழி சொல்லியிருந்தான்.

இவன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் போனதிலிருந்து எதைக் கேட்டாலும் இப்படித்தான் இருந்தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய கடைசி வார்த்தை. அதைக் கேட்டதாகச் சொன்னது மச்சான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அது சின்னதாகத்தான் இருந்தது. ‘அவரைப் பாத்துக்கோங்க’ என்றாளாம். மாமியார் அதைக் கேட்டு அழுது, அழுத பிறகு கொஞ்சம் சாப்பிட்டாள். அதனால் இவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அதற்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. ‘அவரைக் கடலுக்கு அனுப்பாதீங்க’ என்றானது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதை இவனிடமே திருப்பிச் சொன்னார்கள், ஏதோ இவன் ஊரில் இல்லாதவன் மாதிரி. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அவள் இவனை ஒரு நாளும் ‘அவர்’ என்றதில்லை. ‘டேய்’ என்பாள். சண்டை என்றால் ‘சார்’.

படகுத்துறையில் டாக்டர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். நல்ல மனிதர்தான். கோபப்படுவதற்கு அவரிடம் ஒன்றும் கிடைக்காதது இவன் கோபத்தை இன்னும் கூட்டியது. எஞ்சினைக் குனிந்து பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார், புரியாததைப் புரியவில்லை என்றே சொன்னார். மச்சான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கரை கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் அவன் பேச்சு ஓயவில்லை.

அவர்கள் போனது ஒரு பாருக்கு. கடலடியில் மேடாக எழும்பி நிற்கும் பாறைத்திட்டு. அதன் இடுக்குகளில் களவா மீன் கிடக்கும், மேலே வரவே வராது. ஆழத்தைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு, சரிவின் விளிம்பு வந்ததும் இவன் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தான். காற்று ஒரு பக்கம் தள்ளியது, நீரோட்டம் இன்னொரு பக்கம். ரிவர்ஸில் போட்டும் எடுத்தும், நூல் செங்குத்தாக இறங்கும்படி படகை நிறுத்திப் பிடித்தான். ஸ்டீயரிங்கை விட்டு நகர முடியாத வேலை.

மச்சான் டாக்டருக்கு விளக்கினான். இரை கிடையாது. மீன் வடிவில் வார்த்த ஒரு சாண் நீள ஈயம்தான் ஜிக். தலைப்பக்கம் இரண்டு கொக்கி. அடி வரைக்கும் இறக்க வேண்டும். தரையில் தொட்டதும் தூக்கி, கழியைச் சுண்டிச் சுண்டி அடிபட்ட மீன் மாதிரி ஆட வைக்க வேண்டும். தொட்டதும் தூக்கணும் சார், அதுதான் சூட்சுமம் என்றான்.

இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். சொல்லிக்கொடுத்தும் வராதது மச்சானுக்கு மட்டும்தான். ஈயம் கீழே போய்ச் சேரும்போது அவன் கதை பாதியில் நிற்கும். கதையை முடித்துவிட்டுத்தான் தூக்குவான். அதற்குள் பாறை பிடித்துக்கொள்ளும். நீ தொலைத்த ஈயத்தை எல்லாம் அள்ளினால் கடலடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று அவள் அவனைக் கிண்டல் செய்வாள்.

மச்சான் தன் ஈயத்தைத் தண்ணீரில் விட்டான். பச்சையாக ஒன்று மினுங்கி, புரண்டு, கீழே போனது.

இவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. களவாவின் பல் பட்டுப் பட்டுப் பெயிண்ட் உரிந்த ஜிக். உரிந்த இடத்தில் எல்லாம் அவள் அதே பச்சையில் நகப்பூச்சு வாங்கி வந்து பூசியிருந்தாள். கடைக்காரி, இந்த நிறத்தையா நகத்துக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்டாளாம். மச்சான் அதை எத்தனையோ தடவை கெஞ்சிக் கேட்டிருக்கிறான். காலையில் சமையலறைக்குப் போனது தண்ணீர் குடிக்க மட்டும் இல்லை.

“யாரக் கேட்டு அத எடுத்த?”

“ராசியான ஜிக் மாப்ள. டாக்டர் முன்னாடி ஒண்ணாவது தூக்கிக் காட்ட வேணாமா?”

“மேல எடு.”

“ஒரே ஒரு இறக்கு.”

அதற்குள் டாக்டரின் கழி வளைந்தது. அவர் பதறிப்போய் ரீலைத் தப்பான பக்கம் சுற்ற, மச்சான் ஒரு கையால் அவரைத் திருத்த, கடைசியில் ஒரு களவாக் குட்டி மேலே வந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து சட்டென்று ஏறியதில் வயிறு பலூனாக ஊதி, கண் பிதுங்கி, குடல் வாய் வழியே எட்டிப் பார்த்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். சின்னதுதானே, விட்டுவிடலாமா என்று கேட்டார்.

இப்படியே விட்டால் கீழே இறங்க முடியாமல் மிதந்து சாகும் என்றான் இவன். எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு வந்தான். அடியில் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மீனை அதற்குள் மிதக்க விட்டு, ஓரங்களில் ஈயக்கட்டிகள் தொங்க, கயிற்றில் கட்டி இறக்கினான். கூடை இறங்க இறங்க, ஆழத்தின் அழுத்தத்தில் மீனின் வீக்கம் வடியும். பாதி தூரத்தில் அதுவே தலையைக் கீழே திருப்பிப் போய்விடும்.

டாக்டர் அசந்துபோனார். இது யார் யோசனை என்றார்.

“என் தங்கச்சியோடது சார்” என்றான் மச்சான். குரல் இறங்கிவிட்டது. இவன் கயிற்றைப் பிடித்தபடியே தலையைத் தூக்கினான். வரப்போவது தெரிந்தது.

மச்சான் கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஈயம் தரையில் கிடந்தது. நூல் தொய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன் அறை, கதவு எல்லாவற்றையும் சொன்னான். கதவுக்கு வெளியே தள்ளுகட்டிலை நிறுத்தினார்களாம். அவள் கண்ணைத் திறந்து இவனைத் தேடினாளாம்.

“என் கையப் புடிச்சுக்கிட்டா சார். ‘அண்ணா, அவரக் கரை சேத்துடுங்க. படக ஒரு நல்ல மனுஷன் கையில குடுத்துடுங்க’ன்னா. அதான் கடைசி வார்த்தை.”

டாக்டர் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். ‘நல்ல மனுஷன்’ இன்றைக்குத்தான் கதைக்குள் புதிதாக வந்து சேர்ந்திருந்தான். பத்திரத்தில் டாக்டர் பெயரையும் அவளே எழுதிவிட்டுச் செத்தாள் என்று நாளைக்கு மச்சான் சொல்வான் போல. கயிறு கையை அறுப்பதுகூட இவனுக்குத் தெரியவில்லை.

மச்சானின் கழி சட்டென்று வளைந்தது.

“பெருசு மாப்ள, பெருசு!”

மீன் இல்லை. மீன் என்றால் நுனி தலையாட்டும். இது அசையாமல் வளைந்தது. பாறை பிடித்துவிட்டது. படகு தள்ளிக்கொண்டு போக, ரீல் கீச்சிட்டது. இவன் கயிற்றைக் கட்டையில் சுற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்கு ஓடினான். நூலை விட்டுக்கொடு, இழுக்காதே, படகைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறேன், வந்த வழியே இழுத்தால் கழன்றுவிடும் என்று கத்தினான். மச்சானுக்கு டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் பெரிது. ரீலை இறுக்கினான். கழியைக் கீழே தாழ்த்தி, முதுகைச் சாய்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தான்.

நூல் அறுந்தது. மச்சான் ஐஸ் பெட்டிமேல் மல்லாந்து விழுந்தான்.

எழுந்து பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு, டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். கடலுக்கும் கூலி குடுக்கணும்ல சார் என்றான். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பினான்.

“விடு மாப்ள. ஒரு ஈயம்தானே. வேற வாங்கித் தரேன்.”

இவன் எஞ்சினை நிறுத்தினான். படகு குறுக்கே திரும்பி ஆடத் தொடங்கியது. டாக்டர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவ பேசறப்ப நீ எங்க இருந்த?”

“என்ன மாப்ள இது, இப்பப் போய்?”

“எங்க இருந்த?”

மச்சான் டாக்டரைப் பார்த்தான்.

“கீழ வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருந்த. நீ மேல வர்றதுக்குள்ள கதவ மூடிட்டாங்க. அப்புறம் அவ பேசவே இல்ல. யார் கையையும் புடிக்கல. அவ வாயில உன் பேச்சத் திணிச்சு, அத வச்சு என் படகையும் விக்கப் பாக்குற.” டாக்டரிடம் திரும்பினான். “மன்னிச்சுக்கோங்க சார். படகு விக்கறதுக்கு இல்ல.”

டாக்டர் தலையசைத்தார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மச்சான் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான். அறுந்த நூலை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். அம்மா கேட்டாள், மாப்ள, என்றான். கடைசியா என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டி நிறுத்தப் போயிருந்தேன் என்று பெத்தவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்று சொன்னான். அது அவளைச் சாப்பிட வைத்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. சொல்லச் சொல்ல, தானும் அங்கேயே நின்றிருந்த மாதிரி இருந்தது என்று அழுதான். கோபம் அடங்கும் என்று இவன் காத்திருந்தான். அடங்கவில்லை. அழுகிறவனை அடிக்க முடியாததால் அது கையிலேயே நின்றது.

கூடைக் கயிறு தொய்ந்துவிட்டது. இவன் அதை இழுத்து ஏற்றினான். கூடை காலியாக வந்தது.

“நெஜமா என்னதான் சொன்னா?” என்றான் மச்சான். “எதையாவது சொன்னாளா?”

சொன்னாள். நர்ஸ் மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். விரல் வீங்கியிருந்ததால் இவன்தான் சோப்பு போட்டுக் கழற்றினான். தள்ளுகட்டிலின் ஒரு சக்கரம் மட்டும் கோணலாக ஓடியது. கதவு வரைக்கும் கூடவே நடந்தான். உள்ளே போகும் நேரத்தில் அவள் விரலை மடக்கி இவனைக் கிட்டே கூப்பிட்டாள். தொண்டை வறண்டிருந்தது. காதை அவள் வாயருகே கொண்டுபோனான். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை அவள் சொன்னபடியே சொன்னான்.

“‘டேய், அந்தப் பச்சைய மட்டும் அண்ணன்கிட்ட குடுத்துடாத. பேசிட்டே பாறையில மாட்டித் தொலைச்சிட்டு வந்து நிப்பான்.’”