கடத்தியவர்களிடம் கேட்க ஒரு கேள்வி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் ஒருநாளும் போகப்போகாத நாடுகளுக்கு அரசாங்கம் வெளியிடும் பயண எச்சரிக்கைகளைத் தேடித் தேடிப் படிப்பேன். ஆபத்தின் அளவுப்படி எந்த நாடு மஞ்சள், எது ஆரஞ்சு, எது சிவப்பு என்று பார்த்து முடித்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. வீட்டில் குழாய் ஒழுகுவதெல்லாம் அதற்குப் பிறகு பெரிய விஷயமாகத் தெரியாது.

அப்படி ஒருநாள் ஒரு சிவப்பு நாட்டின் பக்கத்தைத் திறந்தேன். "பயணம் செய்யாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, "அப்படியும் செல்வதாக இருந்தால்" என்று ஒரு பட்டியல். அந்த "அப்படியும்" எனக்குப் பிடித்துப்போயிற்று. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, சரி, குடையாவது எடுத்துக்கொண்டு போ என்று அலுத்துக்கொள்ளும் வீட்டு மனிதரின் குரல் அதில் இருந்தது. உயில் எழுதிவையுங்கள். பற்களின் எக்ஸ்ரேயைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். ஒன்பதாவது குறிப்பு இது: "நீங்கள் கடத்தப்பட்டால் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய, உங்களுக்கும் குடும்பத்தில் ஒருவருக்கும் மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்."

அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. யாரோ ஒருவர் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து இதை எழுதியிருக்க வேண்டும். அவருக்கும் வீடு, வாசல், உடன்பிறந்தவர்கள் என்று இருப்பார்கள் அல்லவா?

2

தொடக்கங்கள்.

"விமான நிலையத்தில் அவள் கையசைத்தபோது" — வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.

"குண்டு வெடித்த சத்தத்தில் சன்னல்" — குண்டு வெடித்து நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

"அவள் தேதியை மாற்றினாள்." இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

அவள் தேதியை மாற்றினாள். வெளியுறவுத் துறைக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பதினேழு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. பழைய எச்சரிக்கையைத் திறப்பாள். எங்கோ நடந்த ஒரு சம்பவத்தை ஒரு வரியில் சேர்ப்பாள். "கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள்" என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போடுவாள். நிறத்தை மட்டும் தொடமாட்டாள். சிவப்பை ஆரஞ்சாக்க வேண்டுமென்றால் யாராவது கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். சிவப்பைச் சிவப்பாகவே விட்டுவைத்தால் ஏன் என்று ஒரு ஆளும் கேட்கமாட்டார்.

"இருக்கறது இருக்கட்டும்மா" என்பார் மேலதிகாரி. "நாளைக்கு எவனாவது போய் மாட்டிக்கிட்டா என் தலைதான் உருளும்."

ஒன்பதாவது குறிப்பும் அவள் சொந்தமாக யோசித்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், வேறொரு நாட்டின் எச்சரிக்கைத் தாளைப் பார்த்து வார்த்தைகளை மாற்றிப் போட்டாள். கீழே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தாள்: "இருவரும் பதிலைத் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பார்க்கவும். பதில்கள் வேறுபட்டால் அந்தக் கேள்வியைப் பயன்படுத்த வேண்டாம்." எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். மறந்தும் போனாள்.

(ஒரு பக்கக்குறிப்பு. அவள் வேலையில் ஏன் இவ்வளவு அலுப்பு என்று கேட்கலாம். அவள் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொன்னதில்லை.)

3

அந்த நாட்டுக்குப் போகிற ஆள் யார் என்பதில் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். முதலில் ஒரு பத்திரிகையாளனை வைத்தேன். கழுத்தில் கேமரா, மூன்று நாள் தாடி. என் கண்ணெதிரிலேயே அவன் சினிமாக்காரன் ஆகிவிட்டான், அனுப்பிவிட்டேன். பிறகு அவளுடைய கணவனை யோசித்தேன். ஆனால் கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும். அதனால் இந்தக் கதையில் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதற்காக அவள் என்மேல் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் தம்பி வந்து சேர்ந்தான். நாற்பது வயது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கிற மெக்கானிக். ஒரு நிவாரண நிறுவனம் ஆறு வாரத்துக்கு அவனை அந்தச் சிவப்பு நாட்டுக்கு அனுப்புகிறது. போவதற்கு முன் ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்பதாவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அக்காவும் அம்மாவும் வசிக்கும் வீடு. அம்மா முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். சமையலறை மேசையில் தம்பி ஃபாரத்தை அக்காவின் பக்கம் தள்ளினான். புதன்கிழமை விமானம்.

"நீ எழுதினதுதானே இது? நீயே சொல்லு. என்ன கேள்வி போடறது?"

அவள் படித்தாள். நிறுவனம் அவளுடைய தாளைக் காற்புள்ளிகூட மாறாமல் எடுத்துப் போட்டிருந்தது.

"போகாதேன்னுகூடத்தான் எழுதியிருக்கேன். அதுதான் முதல் வரி. அதை விட்டுட்டு ஒம்பதாவதுக்கு வந்து நிக்கற."

"அங்க பதினாலு பெட்டி ஓடாம நிக்குதுக்கா. உள்ள இருக்கறது மருந்து, ஐஸ்கிரீம் இல்ல."

"உலகத்துல வேற மெக்கானிக்கே கிடையாதா?"

"இருக்கான். அவனோட அக்காவும் இப்ப இப்படித்தான் கத்திக்கிட்டிருப்பா."

(இந்த வாக்குவாதத்தை மூன்று பக்கம் எழுதினேன். எப்படி எழுதினாலும் கடைசியில் அவன் போவதாகவே முடிந்தது. வெட்டிவிட்டேன்.)

அவள் பேனாவை எடுத்தாள். "சரி. உன் முதல் சைக்கிள் என்ன கலர்?"

"அந்த ஃபோட்டோவைத்தான் போன வருஷம் நீ ஊருக்கெல்லாம் அனுப்பினியே."

"அப்பா உன்னை என்னன்னு கூப்பிடுவார்?"

"தெருவுக்கே தெரியும். அவர் மெதுவா கூப்பிட்டு யார் கேட்டா?"

"பத்தாவதுல கணக்குல ஃபெயிலானது?"

"அது ரகசியம்னு உனக்கு யார் சொன்னா?"

ஒவ்வொன்றாக அடித்தார்கள். முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? என்னைப் பத்தியா?"

"இல்லம்மா, இன்ஷூரன்ஸ் ஃபாரம்" என்றாள் அக்கா. தம்பி போகும் நாட்டின் பெயரை அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். நிறத்தைச் சொல்லவில்லை.

இத்தனை வருடம் ஒரு வீட்டில் வளர்ந்தவர்களுக்குள், இருவருக்கு மட்டும் தெரிந்தது ஒன்றுகூட இல்லையா? இருந்தது. சைக்கிள், கணக்கு என்று அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

5

ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய அப்பா வென்டிலேட்டரில் இருந்தார். பதினோராவது நாள், மதியம் இரண்டரை மணி. அம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் இவர்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. இப்போது மெஷின்தான் மூச்சுவிடுகிறது, அவர் விடவில்லை, திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை, நீங்கள் சொன்னால் நிறுத்திவிடலாம் என்றார். இரண்டு பேரில் ஒருவர், "போதும்" என்றார்.

அம்மாவிடம், தானாகவே போய்விட்டார் என்று சொன்னார்கள். அம்மா இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது அதைத்தான். "யாருக்கும் தொந்தரவு வைக்காம, அவரா போயிட்டார்." அதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்ப்பார்கள். அந்த அறையைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற விஷயங்களும் பேசாமல் குறைந்துபோயின. தம்பி தனி வீடு பார்த்துக்கொண்டு போனான்.

6

"அப்பா விஷயம் இருக்கு" என்றான் தம்பி, மேசையைப் பார்த்துக்கொண்டு.

"அதைப் போய் ஒரு ஃபாரத்துல எழுதுவியாடா?"

"வேற என்ன இருக்கு நமக்கு?"

அவள் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அன்று டாக்டரிடம் போதும் என்று சொன்னது யார்?" என்று கட்டத்தில் எழுதினாள். பிறகு அவளுடைய விதிப்படியே, இரண்டு துண்டுத் தாளில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பதில் எழுதினார்கள்.

அவள் தாளில் "அக்கா" என்று இருந்தது. அவன் தாளில் "தம்பி" என்று இருந்தது.

"நீயா?" என்றாள். "நீ வாயே திறக்கலடா. சுவத்தையே பார்த்துக்கிட்டு நின்னே. நான்தான் சொன்னேன்."

"உனக்கு எங்கக்கா குரல் வந்துது? நீ அழுதுக்கிட்டிருந்தே. சொன்னது நான். சொல்லிட்டு வெளிய போய் வாந்தி எடுத்தேன்."

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் "போதும்" என்ற வார்த்தையை அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். இரண்டாவதில், ஊருக்குப் போகிறவனுக்குப் பாரம் இருக்கட்டுமே என்று தம்பிக்கு மாற்றினேன். முன்னதை அடிக்க மறந்துவிட்டேன். ஒரு வரியைத் திருத்தினால் போதும், கேள்விக்கு ஒரே பதில் கிடைத்துவிடும். திருத்தலாம் என்று அந்தச் சின்ன அறைக்குத் திரும்பிப் போனேன். டாக்டர் கேட்கிறார். இரண்டு பேரும் நிற்கிறார்கள். "போதும்" என்று காதில் விழுகிறது. யார் குரல் என்று எனக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும், இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் நீ சுமந்தது உன்னுடையதே இல்லை என்று சொல்வது? எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

"நான் சொன்னதுக்காக நீ என்மேல கோவமா இருக்கேன்னு நினைச்சேன்" என்றான் தம்பி. "அதான் வீட்டை விட்டே போனேன்."

"நான் சொன்னதாலதான் நீ போயிட்டேன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. தம்பி எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். கட்டிப்பிடிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவள் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான்.

7

பதில்கள் வேறுபட்டால் பயன்படுத்த வேண்டாம். அவள் வாக்கியம்தான். கேள்வியை அடித்தாள்.

ஒத்துப்போயிருந்தாலும் அது உதவியிருக்காது. ஐந்தாம் பகுதியில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இப்போது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கதை எழுதுகிறவன் வாயில் எதுவும் தங்காது. தப்பு என்னுடையது. அவர்கள் உயிர் விஷயமாகப் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அடுத்த கேள்வியை அவர்கள் தேடத் தொடங்கியபோது நான் எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன். டி.வி.யில் யாரோ யாருக்கோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், இருமல் வருகிற அளவுக்கு.

"என்ன சிரிப்பு அங்க?" என்று கேட்டார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

கதவு திறந்தபோது ஃபாரம் உறைக்குள் இருந்தது. உறை ஒட்டியிருந்தது. துண்டுத் தாள்கள் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தன. நான் அவற்றை எடுத்துப் பார்க்கவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

8

முடிவுகள்.

ஒன்று: ஆறு வாரத்தில் அவன் பத்திரமாகத் திரும்பிவருகிறான். பதினாலு பெட்டியும் ஓடுகிறது. படிக்கிறவர்கள், இதற்கா இவ்வளவு நேரம் என்பார்கள்.

இரண்டு: "மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் கைப்பேசி ஒலித்தது. தெரியாத எண். அவள்" —

இதற்குமேல் எழுத வரவில்லை. அந்தக் கைப்பேசி ஒலிக்க வேண்டுமென்றால், முதலில் நான் ஒரு சாலையில் நாலு பேரை நிறுத்தி அவன் வண்டியை மறிக்க வேண்டும். அவன் தலையில் துணியைப் போட்டு மூட வேண்டும். இதை என் நண்பரான ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். "கேள்வின்னு ஒண்ணை வெச்சுட்டா அதைக் கேட்டுத்தானே ஆகணும்? இல்லன்னா கதை எதுக்கு?" என்றார். எனக்கு அலுப்பாக இருந்தது. கதைக்கு வேண்டும் என்பதற்காக எத்தனை பேரைத்தான் சாகடிப்பது?

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை தம்பி போனான். வியாழக்கிழமை அக்கா அந்த நாட்டின் தாளைத் திறந்து தேதியை மாற்றினாள். ஒன்பதாவது குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "இதற்கென ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கவும்." மேலதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"இருக்கட்டும் சார்."

இப்போது அவள் கைப்பேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போகிறாள். அது ஒலிக்காமலே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு முடிவு எதுவும் வேண்டாம். எனக்கும் வேண்டாம். இல்லை, கதை என்றால் அது ஒலிக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் நீங்களே ஒலிக்கவிட்டுக்கொள்ளலாம். பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஆனால் எடுத்துக் காதில் வைத்தபின் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.