விக்கல் இல்லாத கப்பல்

ஒட்டுக்கேட்கும் அறையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். எதிரிக் கப்பல்கள் அடிக்கும் தந்தியை ஹெட்போனில் கேட்டு எழுதுவது வேலை. எல்லாம் சங்கேதம், என்ன சொல்கிறார்கள் என்பது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் விளங்காது. ஆனால் அடிப்பது யார் என்று சொல்லிவிடுவாள். ஆளுக்கு ஆள் கை வேறு, கையெழுத்து மாதிரி. எதிரியின் பெரிய போர்க்கப்பலில் ஒருவன் நாலெழுத்துக்கு ஒரு தரம் தயங்கித் தயங்கி அடிப்பான். அவனுக்கு விக்கல் என்று அவளே பெயர் வைத்து எட்டு மாதமாகிறது. பெற்றவளுக்குக்கூட அவனை இவ்வளவு தெரிந்திருக்காது.

அன்று காலை எதிரியின் வடக்குத் துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லும் அழைப்புக்குறி வழக்கம்போல வந்தது. விக்கலைத்தான் காணோம். எவனோ ஒருத்தன் வழவழவென்று அடித்தான். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள். மதியமும் அதே ஆள். அந்தக் கப்பலின் தந்தி மெஷினில் எப்போதும் ஒரு முனகல் இருக்கும், அதுவும் இல்லை. அவளுக்குப் பகீரென்றது. கப்பல் நழுவிவிட்டது. அதன் பெயரில் கரையிலிருந்து எவனோ அடித்துக்கொண்டிருக்கிறான்.

தெற்குக் கரையில் இறங்கிய நம் படைக்குக் குண்டும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஒன்பது கப்பல்கள் மறுநாள் கிளம்புவதாக இருந்தது. அந்தப் படையில் அவள் தம்பி இருந்தான். நழுவிய கப்பல் வழிமறித்தால் ஒன்பதும் மூழ்கும். வாயைத் திறந்தால் கப்பல்கள் நிற்கும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாழாய்ப்போன காது! அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"சார், அந்தக் கப்பல் துறைமுகத்துல இல்ல. அடிக்கிறது வேற ஆளு, வேற மெஷினு."

"உன் காதை நம்பி ஒன்பது கப்பலை நிறுத்தணுமா? கரையில இருக்கிறவங்ககிட்ட குண்டு ரெண்டு நாளைக்குத்தாம்மா இருக்கு. அப்புறம் கல்லெடுத்துதான் எறியணும்."

"தெரியும் சார். என் தம்பியும் அங்கதான் இருக்கான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இருந்துமா சொல்றே?"

"விக்கல் இல்ல சார்," என்றாள்.

அவள் சொன்னது சரி. நம் கப்பல்கள் போகவிருந்த வழியிலேயே அந்தப் போர்க்கப்பல் பதுங்கியிருந்ததை மூன்றாம் நாள் நம் விமானங்கள் கண்டுபிடித்து விரட்டின. ஐந்தாம் நாள்தான் ஒன்பதும் கரை சேர்ந்தன. அதிகாரி தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகும்வரை அவள் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். இடது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. அக்காவுக்குக் கிடங்கு ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை என்றுதான் அவனுக்கும் அம்மாவுக்கும் தெரியும். வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அஞ்சு நாள் கடலையே பாத்துட்டுக் கிடந்தோம்மா," என்றான். "எவனோ நோகாம ரூம்ல உக்காந்துட்டு கப்பலை நிறுத்திட்டான்."

"அவன் விளங்குவானா? கட்டையில போறவன்!" அம்மா அழுதுகொண்டே மகள் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே? உன் தம்பிதானே, அந்தப் பாவியை நாலு வார்த்தை திட்டேன்."

"நாசமாப் போறவன்," என்று அவளும் திட்டினாள். திட்டிக்கொண்டே தம்பியின் சட்டைப் பொத்தானை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.